அப்பாயி படம்: ஃப்ரேம் பரவாயில்லை, முகத்தைத்தான் கேட்டு வாங்கணும்

படம் போட்டு ஃப்ரேம் பண்ணிக் கொடுத்த கடைக்கு 5-க்கு மூணரை மார்க். கடைப் பேரை எழுதலை. தப்பைக் காசு வாங்காம திருத்திக் கொடுத்தாங்க, அதுக்கான மரியாதை.

அப்பாயி கருமாதிக்குப் படம் வேணும். உருப்படியா இருந்தது ஒண்ணே ஒண்ணு, ஓய்வு பெற்ற அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல எடுத்த குரூப் போட்டோ. அதுக்கு முந்தின எந்த வருஷத்துப் போட்டோவுலயும் அப்பாயி இருக்காது. எல்லாரும் வரிசையா நிக்கிற நேரத்துல அது சோறு வடிச்சுக்கிட்டு இருந்திருக்கும். அன்னைக்கு மட்டும் மாலையும் கழுத்துமா ஹெட்மாஸ்டர் பக்கத்து நாற்காலி.

1982 ஜூலையில எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில சத்துணவைத் தொடங்கி வச்சாரே, அந்த வருஷமே எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சமையல் உதவியாளரா சேர்ந்துச்சு. விறகடுப்பு, கண்ணெரிச்சல், ரெண்டு ஆள் தூக்குற குண்டான். இடது மணிக்கட்டுல கஞ்சி கொட்டின தழும்பு, பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு. முட்டை போடுற நாள்ல உரிச்ச முட்டையை இன்னொரு தடவை தண்ணியில அலசித்தான் தட்டுல வைக்கும். ஓடு பல்லுல பட்டா சின்னப் பிள்ளைங்க முழு முட்டையையும் துப்பிடுமாம்.

கடையில அப்பாயியை மட்டும் பிரிச்சு 12-க்கு 18 அளவுல போட்டாங்க. மாலையை எடுத்துட்டுத் தோளை நிரப்பின வேலை அருமை, ஒட்டே தெரியலை. ஆனா முதல் பிரிண்ட்டைப் பார்த்த அத்தை, "யாருடா இது?"ன்னாங்க. ரெண்டு சுத்து வெளுத்து, நெத்திச் சுருக்கம் போய், நூல் சேலை பட்டா மாறி, தழும்பையும் காணோம்.

"அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சுட்டேண்ணே"ன்னான் கம்ப்யூட்டர்ல இருந்த தம்பி. என் கையில இடத்தைத் தொட்டுக் காட்டினேன். சாயங்காலமே நிறம், சுருக்கம், தழும்பு எல்லாம் திரும்பி வந்துச்சு. சேலையை மட்டும் மாத்த வேணாம்னு அத்தை சொல்லிட்டாங்க. பட்டாவே இருக்கு.

சட்டம் ஃபைபர், முன்னாடி நிஜக் கண்ணாடி. பின்பக்க அட்டையில ஒரு ஆணி பிடிக்கலை, நானே அடிச்சுக்கிட்டேன். கூடக் கொடுத்த சிவப்பு பல்பு ரெண்டாம் நாளே போச்சு. மொத்தம் 1,450 ரூபாய்.

கொடுக்கும்போதே "வெளுக்க வேணாம்"னு சொல்லிடுங்க, பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி திரையில பார்த்துடுங்க. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல கடை கிடையாது.