கடிக்கும் மலைப்பாம்பை எடுக்க எது நல்லது: கையுறையா, வெறுங்கையா, கொக்கியா?

நான் மெல்பர்னில் வளர்ப்பது கார்ப்பெட் பைத்தான். மலைப்பாம்பு இனம், நஞ்சு கிடையாது. வெளியே எடுத்துவிட்டால் தோளில் ஏறி, கை வழியே இறங்கி, சாதுவாக உலாவும். ஆனால் கூண்டுக் கதவைத் திறக்கும் அந்த முதல் நிமிடத்தில் சில நாள் பாய்ந்து கவ்விவிடும். இந்த இனத்தை வளர்க்கும் பலர் வீட்டிலும் இதுதான் நிலைமை. வழி கேட்டால் மூன்று பதில் வரும்: தடித்த தோல் கையுறை போடு, பயப்படாமல் வெறுங்கையால் எடு, கொக்கி (முனை வளைந்த நீண்ட கம்பி) வாங்கு. மூன்றையும் செய்து பார்த்துக் கொக்கியில் நிலைத்தவன் நான். அதனால் இந்த அலசலில் கொக்கிக்குத்தான் இடம் அதிகம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விக்டோரியாவில் இந்தப் பாம்பை வளர்க்க வனவிலங்கு உரிமம் வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சகஜமான ‘பால் பைத்தான்’ (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) இனத்தை ஆஸ்திரேலியாவில் வளர்க்கவே கூடாது. ஆனால் கீழே சொல்வது அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: நம் மண்ணின் மலைப்பாம்பையோ சாரையையோ வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பாம்பு கடிப்பதற்குப் பொதுவாக இரண்டு காரணம். ஒன்று பயம். கழுத்தை வளைத்து மடித்து, சீறி, சட்டென்று கொத்திவிட்டுப் பின்வாங்கிக்கொள்ளும். குட்டிகளும், புதிதாக வீட்டுக்கு வந்தவையும் இப்படித்தான் கடிக்கும். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பூத்து மங்கியிருக்கிற நாட்களிலும் இந்தக் கடி வரும். இன்னொரு காரணம் பசி. இதில் சீறல் இல்லை, எச்சரிக்கை இல்லை. பாயும், கவ்வும், விடாது, உடம்பைச் சுற்றி இறுக்கவும் தொடங்கும். வளர்ந்த பாம்பு கதவருகில் கடிப்பது பெரும்பாலும் இந்த வகைதான். அதற்கு நம் மேல் கோபம் ஏதுமில்லை. இரை வந்துவிட்டது என்று நினைக்கிறது, அவ்வளவுதான்.

அப்படி நினைக்கக் காரணமும் உண்டு. இது பதுங்கிக் கிடந்து, பெரும்பாலும் இரவில், இரை பிடிக்கிற இனம். உதட்டோரம் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் வரிசையாக இருக்கின்றன. இருட்டில் சூடாக ஒன்று அசைந்தால் போதும், பாயத் தயாராகிவிடும். நம் கையும் சூடானது. கதவு திறந்தால் எலி வரும் என்று பழகிய பாம்பின் முன்னே அந்தக் கையை நீட்டினால் என்ன நடக்கும்? ஆகவே எந்த வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். கை உள்ளே போவதற்கு முன்பே, ‘இது சாப்பாடு இல்லை’ என்ற சேதி பாம்புக்குப் போய்ச் சேர்கிறதா?

கையுறையில் அது போய்ச் சேருவதில்லை. வெல்டிங் வேலைக்குப் போடுகிற தடித்த தோல் கையுறையில் பல் இறங்காது, உண்மைதான். ஆனால் பாம்பு கடிப்பதை அது நிறுத்தாது. கடி நமக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. எலி வாசம் ஒருமுறை ஒட்டிவிட்டால் தோலிலிருந்து எளிதில் போகாது. பாம்பின் பற்கள் பின்னோக்கி வளைந்தவை. கடினமான தோலில் மாட்டிக்கொண்ட பல் இழுபட்டால் முறியும், ஈறில் புண் வந்து சீழ் பிடிக்கவும் இடமுண்டு. இன்னொன்று, பாம்பின் தசை இறுகுகிறதா தளர்கிறதா என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். தடித்த தோலுக்குள் அது தெரியாது. தெரியாததால் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிப்போம், அழுத்தினால் பாம்பு மிரளும். நோயுற்ற பாம்பை மருத்துவரிடம் கொண்டுபோக அவசரமாகப் பெட்டியில் போடும் நாளுக்காக ஒரு ஜோடி இருக்கட்டும். அன்றாடத்துக்கு வேண்டாம்.

வெறுங்கையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பயத்தில் கடிக்கும் குட்டிக்கு அதுதான் நல்ல வழி என்றுகூடச் சொல்வேன். மேலிருந்து கையை இறக்கக் கூடாது. பருந்தும் கழுகும் வருகிற திசை அது. பக்கவாட்டில் போய், உடலின் நடுப்பகுதிக்கு அடியில் கையைக் கொடுத்து, தயங்காமல் தூக்க வேண்டும். பாதி வழியில் நின்று நடுங்குகிற கைதான் கொத்து வாங்கும். தினமும் சில நிமிடம் இப்படி எடுத்து வைத்தால் குட்டிகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பசிக்கடிக்கு இந்தத் தைரியம் உதவாது. எவ்வளவு உறுதியாக நீட்டினாலும் கை சூடாகத்தானே இருக்கும்.

இப்போது கொக்கி. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தவர்களுக்கு, கம்பியால் பாம்பைக் கையாளும் விதம் புதிதாக இருக்காது. அங்கே அது நஞ்சுள்ள பாம்பிடமிருந்து ஆளைத் தள்ளி நிறுத்துகிறது. வீட்டு மலைப்பாம்புக்கு அதன் வேலை வேறு. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது போல, வருவதை முன்கூட்டித் தெரிவிக்கத்தான் அது. உலோகத்துக்குச் சூடு இல்லை, எலி வாசம் இல்லை. பாம்பின் கணக்கில் அது இரையே இல்லை.

நான் செய்வது இப்படி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அறை விளக்கைப் போட்டு, கதவைத் திறந்ததும் கையை உள்ளே விடாமல் சற்று நிற்பேன். அப்புறம் கொக்கியின் வளைந்த முதுகால் உடலின் நடுவில் மெல்லத் தொட்டு, வால் பக்கமாக வருடுவேன். தலை வெளிப்பக்கம் நீண்டிருந்தால் கழுத்தருகே லேசாக ஒதுக்குவேன். அதன் பிறகு பாம்பைப் பார்க்க வேண்டும். நாக்கை நிதானமாக நீட்டி முகர்ந்துகொண்டு, கழுத்தைத் தளர்த்தினால் எடுக்கலாம். கழுத்து மடிந்தபடி, தலை அசையாமல் என் பக்கமே குறிவைத்திருந்தால் கதவைச் சாத்திவிடுவேன். எடுப்பதானால் கொக்கியை உடலின் முன்பகுதிக்கு அடியில் கொடுத்து உயர்த்தி, மறு கையால் பின்பாதியைத் தாங்க வேண்டும். முழு எடையும் ஒரு மெல்லிய கம்பியில் தொங்கினால் விலா எலும்புக்கு நல்லதில்லை. பாம்பு வெளியே வந்ததும் கொக்கிக்கு வேலை முடிந்தது.

இது பலிப்பதும் பலிக்காமல் போவதும் ஒரே விதியில் இருக்கிறது: தொடாமல் ஒருநாளும் எடுக்கக் கூடாது, தொட்ட நாளில் ஒருநாளும் இரை கொடுக்கக் கூடாது. இரை கொடுக்கும் நாளில் கொக்கி கூண்டுப் பக்கமே வராது. உறைய வைத்திருந்து பனி உருகவிட்ட எலியை நீண்ட இடுக்கியால் நீட்டுவோம். வீட்டில் யார் கதவைத் திறந்தாலும் இதே முறைதான். என் மனைவிக்கும் எனக்கும் இதில் தளர்வே கிடையாது, ஏனென்றால் ஒருவர் மாற்றிச் செய்தாலும் பாம்பு பழகியது குழம்பிவிடும். சாப்பிட்ட பிறகு குறைந்தது 48 மணி நேரம் எடுப்பதில்லை. எடுத்தால் இரையைக் கக்கிவிடலாம். சில வாரங்கள் விடாமல் இப்படிச் செய்ததும் கொக்கி பட்டாலே என் பாம்பு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. அந்த மாற்றத்தைக் கையுறை எனக்குத் தந்ததில்லை.

கொக்கியிலும் குறை உண்டு. மரம் ஏறும் இனம் என்பதால் கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டால் கொக்கியால் இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. சுமார் 60 சென்டிமீட்டர் நீளமே கூண்டுக்குள் வசதி. ஒரு மீட்டர் கொக்கி கண்ணாடியில் இடித்துக்கொண்டே இருக்கும். சிறிய பாம்புக்குக் கொக்கியே தேவையில்லை. செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டித் தொட்டாலும் அதே சேதி போய்ச் சேரும்.

இரை கொடுக்க மட்டும் தனிப் பெட்டிக்கு மாற்றினால் கூண்டில் கடிக்காது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எலியை விழுங்கி, இன்னும் வேட்டை வேகம் அடங்காத பாம்பைக் கையால் திரும்பத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதே.

கவ்விவிட்டால் கையை இழுக்காதீர்கள். இழுத்தால் சதை கிழியும், அதன் பல்லும் உடையும். வால் பக்கமிருந்து சுற்றை அவிழ்த்து வாருங்கள். விடவில்லையென்றால் தலைமேல் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு சோப்பால் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். பாம்பின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும் என்பதால், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கொடுப்பதே வேண்டாம். இவையெல்லாம் நஞ்சில்லை என்று உறுதியாகத் தெரிந்த வளர்ப்புப் பாம்புக்கு மட்டும். ஆஸ்திரேலியாவில் தோட்டத்திலோ வழியிலோ அடையாளம் தெரியாத பாம்பு கடித்தால் காயத்தைக் கழுவவே கூடாது. கையையோ காலையோ அசைக்காமல் அழுத்தக் கட்டுப் போட்டு அவசர எண்ணான 000-ஐ அழைக்க வேண்டும்.

என் பழக்கம் இரண்டு மீட்டர் அளவுள்ள பாம்போடுதான். அதைவிட நீளமும் எடையுமான மலைப்பாம்புகளை நான் வளர்த்ததில்லை. தொட்டுச் சொல்ல அங்கேயும் கொக்கி உதவும் என்றே நினைக்கிறேன், தூக்குவதற்கு அது போதாது. சுற்றை அவிழ்க்கத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் நிற்காமல் அந்தக் கூண்டுகளைத் திறக்காதீர்கள்.