பனியன் கம்பெனிக் கூரையில் சோலார்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

திருப்பூரில் எங்கள் தையல் யூனிட்டுக்கு மேலே 20 கிலோவாட் சோலார் போட்டு மூன்று வருடம் ஆகிறது. "நம்ம கட்டடத்துக்குச் சரிப்படுமா?" என்று கேட்பவர்களுக்காக இது.

சோலார் விற்க வருபவர்கள் எல்லோரும் முதலில் மொட்டைமாடியைத்தான் அளப்பார்கள். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி என்ற கணக்கு சரிதான். நான் கேட்பது வேறு: கரண்ட் பகலில் எவ்வளவு ஓடுகிறது, ராத்திரி எவ்வளவு? எங்கள் மெஷின்கள் காலை எட்டரைக்கே ஓட ஆரம்பித்துவிடும். சராசரியாக நாளுக்கு 80 யூனிட் வருகிறது, அத்தனையும் உள்ளேயே செலவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் வயிற்றெரிச்சல். அன்று மெஷின் ஓடாததால் வருவதெல்லாம் ஈபி லைனுக்குப் போகிறது; அதற்குக் கிடைக்கும் விலை நாம் ஈபிக்குக் கட்டும் விலையைவிடக் குறைவு. சாயங்காலம்தான் களைகட்டும் ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கூரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யோசித்தே இறங்க வேண்டும்.

அடுத்தது நிழல். இதை மார்கழியில் பாருங்கள். சித்திரையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும், எந்த இடமும் சுத்தமாகத் தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். பத்தடி உயரத் தண்ணீர் டேங்க்கின் நிழல் நடுப்பகலிலேயே ஏழடி வடக்கே நீளும், காலையும் மாலையும் இன்னும் நீளம். ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி அடிவாங்கும். அதனால் எங்கள் டேங்க்குக்கு வடபக்கம் ஒரு பட்டையைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.

தகர ஷெட் என்றால் ஷீட்டின் வயதைப் பாருங்கள். பேனல் 25 வருடம் உழைக்கும். துருப்பிடித்த ஷீட்டை முதலில் மாற்றிவிடுவது நல்லது. ஆஸ்பெஸ்டாஸில் துளை போட விடாதீர்கள். வாடகைக் கட்டடமா? ஓனரிடம் எழுதி வாங்காமல் தொடாதீர்கள்.

பிரதமர் சூர்ய கர் மானியம் வீடுகளுக்கு மட்டும்தான், நமக்குக் கிடையாது. வருமான வரியில் சோலாருக்கு 40 சதவீதத் தேய்மானம் (வருடாவருடம் மதிப்பு குறைவதாகக் கணக்கில் கழிப்பது) காட்டலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள். இன்னொன்று, எங்களுடையதுபோல் பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைத்த வகையில் ஈபி கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலில் ஜெனரேட்டர் ஓடுவதைப் பார்த்து எங்கள் டெய்லர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

அப்புறம் தண்ணீர். பஞ்சுத் தூசி பேனலில் படிந்துகொண்டே இருக்கும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து, தேய்த்தாலும் போகாது. நல்ல தண்ணீர்க் குழாய் மாடிவரை ஏறுமா என்று கொட்டேஷன் வாங்கும்போதே பாருங்கள். நாங்கள் பிறகு தனியாக லைன் இழுத்தோம்.