எல்லை தாண்டும் படகுக்கு எந்தக் கத்தி? மோராக்னிவ் கம்பேனியன் பற்றிய ஒரு மதிப்புரை

வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் தீவுகளிலிருந்து பாய்மரப் படகிலோ சிறு விசைப்படகிலோ புறப்பட்டு, ஹாரோ நீரிணையைக் கடந்து, கனடாவின் கல்ஃப் தீவுகளுக்குச் செல்வோர் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்களில் மிகக் குறைவாக யோசித்து வாங்கப்படுவது கத்திதான் என்று நினைக்கிறேன். கடலில் ஒரு கத்தியிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்று; எல்லையில் கனடியச் சட்டம் ஒரு கத்தியிடம் பார்ப்பது வேறொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுப்பதால், கடையில் ‘கடலுக்கு ஏற்றது’ என்று விற்கப்படும் கத்திகளில் பல இந்தப் பயணத்துக்கு ஏற்றவையல்ல. இரண்டு தேவைகளும் சந்திக்கும் இடத்தில் எனக்குக் கிடைத்தது, சுவீடனில் தயாராகும் மோராக்னிவ் கம்பேனியன் என்னும் மலிவான உறைக்கத்தி. துருப்பிடிக்கா எஃகில் செய்யப்பட்ட வகையையே இங்கு மதிப்பிடுகிறேன்.

முதலில் கடலின் தேவையைச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் கடல்நீர் கோடையிலும் மிகவும் குளிர்ந்தது. சிறிது நேரம் நனைந்தாலே விரல்கள் மரத்துப்போகும். நண்டுக்கூடுகளின் மிதவைக் கயிறுகளும், நீளமாக வளர்ந்து கிடக்கும் கெல்ப் கடற்பாசியும் படகின் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்வது அங்கே புதிதல்ல. பாய்க்கயிறு ஒருவருடைய காலையோ கையையோ இறுக்கினால், அதை அறுக்கக் கிடைப்பது ஒரு சில நொடிகளே. அந்த நேரத்தில் ஒரு கை படகையோ கயிற்றையோ பிடித்திருக்கும் என்பதால், மீதமுள்ள ஒற்றைக் கையால், பார்க்காமலேயே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கத்திதான் உண்மையில் உதவும். இதனால்தான் ஒற்றைக் கையால் திறக்கும் மடக்குக்கத்திகள் படகோட்டிகளிடையே இவ்வளவு பரவியிருக்கின்றன.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கனடியக் குற்றவியல் சட்டத்தின் 84ஆம் பிரிவு, புவியீர்ப்பாலோ மையவிலக்கு விசையாலோ தானாகத் திறக்கும் கத்தியையும், கைப்பிடியில் உள்ள பொத்தானையோ வில்சுருளையோ வேறு கருவியையோ அழுத்தினால் திறக்கும் கத்தியையும் தடைசெய்யப்பட்ட ஆயுதமாக வரையறுக்கிறது. பொத்தான் கத்தியைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஐயத்துக்கு இடம் தருவது மையவிலக்கு விசை என்ற பகுதி. மணிக்கட்டைச் சுண்டினால் அலகு வெளியே வந்து பூட்டிக்கொள்ளுமா என்பதே அங்கு எழும் கேள்வி. 2017இன் இறுதியில் கனடிய சர்வதேச வர்த்தகத் தீர்ப்பாயம் அளித்த ஒரு முடிவைத் தொடர்ந்து, 2018இன் தொடக்கத்தில் எல்லைச் சேவை முகமை தன் நிலைப்பாட்டை மேலும் இறுக்கியது. அலகிலுள்ள சிறு நீட்சியை விரலால் சற்றே தள்ளிவிட்டு, பிறகு சுண்டித் திறக்க முடிகிற கத்தியும் இந்த வரையறைக்குள் வரும் என்பதே அந்த நிலைப்பாடு. சியாட்டிலில் வெளிப்படையாக விற்கப்படும் ஒரு கத்தி, சில மணி நேரப் படகுப் பயணத்துக்குப் பின் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடலாம் என்பதை இத்தகைய பயணம் மேற்கொள்ளும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் வேறு விதமாக நிற்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். அங்கே 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பொத்தான் கத்திகளின் இறக்குமதியைத் தடுக்கிறது. ஆனால், கையால் தொடக்கம் கொடுத்த பிறகு வில்சுருளின் துணையுடன் திறக்கும் கத்திகளுக்கு 2009இல் செய்யப்பட்ட திருத்தம் விலக்கு அளித்தது. அமெரிக்கச் சந்தையில் இவ்வகைக் கத்திகள் மலிந்திருப்பதால், தம் சட்டைப்பையில் இருப்பது சிக்கலான பொருள் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. எல்லையில் பறிமுதலானால் கத்தியின் விலையோடு இழப்பு நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க-கனடிய எல்லையை விரைவாகக் கடக்க உதவும் நெக்ஸஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கு, சுங்கத்தில் ஒரு பறிமுதல் பதிவானாலே அந்த அட்டையை இழக்கும் நிலை வரலாம்.

மடக்குக்கத்திகளிலேயே நிற்க விரும்புவோர் முதலில் நாடுவது ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சால்ட் வரிசை. உலோகத்தின் தரத்தில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. நைட்ரஜன் சேர்த்து உருவாக்கப்பட்ட அதன் எஃகு, உப்புநீரில் கிடந்தாலும் ஏறக்குறையத் துருப்பிடிப்பதே இல்லை. அலகிலுள்ள வட்டத் துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளித் திறக்கும் அமைப்பும் கடலில் மிக வசதியானது. பசிபிக் சால்ட் போன்ற, முதுகுப் பூட்டு கொண்ட மாதிரிகளைச் சுண்டித் திறப்பது எளிதல்ல என்பதும் உண்மை. இருந்தும் நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். புதிதாக இருக்கையில் இறுக்கமாக இருக்கும் அச்சாணி, ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது. சோதித்துப் பார்ப்பவரின் மணிக்கட்டு என்னுடையதைவிட வலுவாக இருக்கலாம். ஒரு விடுமுறைப் பயணத்தின் அமைதி, ஒரு திருகாணியின் இறுக்கத்தைச் சார்ந்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சட்டத்தின் பக்கம் முழுப் பாதுகாப்பான மடக்குக்கத்திகளும் உண்டு. விக்டோரினாக்ஸின் சுவிஸ் கத்தியைப் பற்றி எந்தச் சுங்க அதிகாரியும் கவலைப்படப் போவதில்லை. பிரான்சின் ஒப்பினெல் எட்டாம் எண் கத்தியும் அப்படியே. ஆனால் இரண்டையும் திறக்க நகத்தை ஒரு சிறு பள்ளத்தில் கொடுத்து இழுக்க வேண்டும், அதற்கு இரு கைகளும் வேண்டும். ஒப்பினெலின் பீச் மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது, வறண்ட நிலத்தில் அதை நேசிப்பவர்களும் ஒப்புக்கொள்ளும் குறை. பாலாடைக்கட்டியும் ஆப்பிளும் நறுக்க இவை அருமையான கத்திகள். கயிற்றில் சிக்கிய காலை விடுவிக்க இவற்றை நம்ப மாட்டேன்.

உறைக்கத்திக்கு இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. அதில் திறப்பதற்கு எதுவும் இல்லாததால், தானாகத் திறக்கிறதா என்ற கேள்வியே எழுவதில்லை. சாதாரண உறைக்கத்தியின் நீளத்துக்குக் கனடியக் குற்றவியல் சட்டம் வரம்பு எதையும் விதிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்த நொடியே அது வேலைக்குத் தயாராக இருப்பதால், ஒற்றைக் கைத் தேவையும் நிறைவேறுகிறது. பார்ப்பதற்கு அதிக அச்சம் தருவது போல் தோன்றும் கத்தியே சட்டத்துக்கு அதிகம் பொருந்துகிறது என்பது முதலில் வியப்பளிக்கலாம். சட்டத்தின் சொற்களைப் படித்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரு பக்கமும் கூர்தீட்டிய, போர்க்கத்தி போலத் தோற்றமளிக்கும் வகைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கயிறு அறுக்க அவை தேவையுமில்லை. முட்டியில் பிடித்துக் குத்தும் புஷ் டேகர் வகையும், பேனா, சீப்பு போன்ற பொருள்களுக்குள் ஒளித்து வைக்கப்பட்ட சிறு கத்திகளும் கனடாவில் தனியாகவே தடைசெய்யப்பட்டவை.

கம்பேனியனுக்கு வருவோம். சுவீடனின் மோரா வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொழிற்சாலைகளில் கத்தி செய்து வரும் மரபின் இன்றைய வடிவம் இது. அலகின் நீளம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், தடிமன் இரண்டரை மில்லிமீட்டர். 12சி27 என்ற சுவீடன் எஃகு, மிக நீண்ட நாள் கூர் நிற்கும் ரகமல்ல. ஆனால் மழுங்கியதும் சில நிமிடங்களில் பழைய கூரை மீட்டுத் தரும். அதன் விளிம்புச் சாய்வு ஒரே அகன்ற பட்டையாக இருப்பதால், அந்தப் பட்டையைச் சாணைக்கல்லின் மீது அப்படியே படியவைத்தாலே கோணம் சரியாக அமைந்துவிடுகிறது. ஆடும் படகில் அமர்ந்து கூர்தீட்ட வேண்டியவருக்கு இது சிறிய வசதியல்ல. ரப்பர் தன்மையுள்ள கைப்பிடி நனைந்த கையிலும் வழுக்குவதில்லை. அதே பிடியைத் தடித்த கையுறையுடனும் பற்ற முடிகிறது. உறையிலிருந்து கத்தி வெளிவரும்போது எழும் ‘டக்’ என்ற ஒலியும், திரும்ப வைக்கும்போது அது இறுகும் விதமும் நம்பிக்கை தருகின்றன. அமெரிக்காவில் பெரும்பாலும் இருபது டாலர் அளவிலேயே கிடைக்கும் ஒரு பொருளில் இவ்வளவு கவனமான வேலைப்பாட்டைப் பார்க்கையில், பல மடங்கு விலை சொல்லும் நிறுவனங்கள் மீது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

குறைகளும் உண்டு, அவை கடலில் முக்கியமானவை. துருப்பிடிக்கா எஃகு என்ற பெயரை நம்பி உப்புநீர் பட்ட அலகை அப்படியே உறையில் செருகி வைத்தால் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு மாலையும் நன்னீரில் கழுவித் துடைத்து, உறையையும் தனியே உலர்த்த வேண்டும். கைப்பிடியில் கயிறு கோக்கும் துளை இல்லாததும் பெரிய குறையே. தண்ணீரில் விழுந்தால் கத்தி மூழ்கிவிடும் என்பதால், கைப்பிடியின் பின்முனையில் கவனமாகத் துளையிட்டு ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டிக்கொள்வது நல்லது. அலகின் முனை மிகக் கூர்மையானது. காற்றடைத்த ரப்பர் படகையும் உயிர்காப்பு உடுப்பையும் அது ஒரு நொடியில் கிழித்துவிடும். முனையைச் சாணையில் தேய்த்து வட்டமாக்கிக்கொண்டால் கயிறு அறுக்கும் திறன் எவ்வகையிலும் குறைவதில்லை, ஆடும் தளத்தில் பிறருக்கு நேரும் ஆபத்து மட்டும் குறைகிறது. வாங்கும்போது கறுப்பையும் பச்சையையும் விடுத்து ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நேர்விளிம்பு கொண்ட இக்கத்தி நைலான், பாலியெஸ்டர் கயிறுகளை எளிதாக அறுக்கிறது. டைனிமா போன்ற வழுக்கும் இழைகளில் ரம்பப்பல் விளிம்புக்குத்தான் பிடிப்பு அதிகம். அதற்காக இன்னொரு விலையுயர்ந்த கத்தியை வாங்க வேண்டியதில்லை. படகின் சமையலறையில் இருக்கும் ரொட்டி வெட்டும் நீளக் கத்தி, தடித்த நங்கூரக் கயிற்றையும் கண்ணெதிரே அறுத்துத் தள்ளும். அதை எந்த அதிகாரியும் ஆயுதமாகப் பார்ப்பதில்லை.

கத்தியின் வடிவம் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கனடியச் சட்டத்தில், காயப்படுத்தவோ அச்சுறுத்தவோ வைத்திருக்கும் எந்தப் பொருளும் ஆயுதமாகக் கருதப்படலாம். வைத்திருப்பவரின் நோக்கம் அங்கே எடைபோடப்படுகிறது. தெற்கு பெண்டர் தீவின் பெட்வெல் துறைமுகம், வான்கூவர் தீவிலுள்ள சிட்னி, விக்டோரியா போன்ற நுழைவிடங்களில் படகைக் கட்டியதும், தலைவர் மட்டும் இறங்கி எல்லைச் சேவை முகமைக்குத் தொலைபேசியில் தகவல் தர, அனுமதி எண் கிடைக்கும்வரை மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். ஆயுதங்கள் உண்டா என்று கேட்கையில், கயிறு அறுக்க ஓர் உறைக்கத்தியும் சமையல் கத்திகளும் இருக்கின்றன என்று உண்மையை உள்ளபடியே சொல்லுங்கள். தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லும் ஒருவர், முற்றிலும் சட்டப்படியான ஒரு கருவியைத் தம் வாயாலேயே ஆயுதமாக்கிக்கொள்கிறார். கத்தியைச் சட்டைக்குள்ளோ பையின் அடியிலோ ஒளித்து வைக்காமல், மாலுமிக்கு எட்டும் இடத்தில், சுக்கானுக்கு அருகே உறையோடு வெளிப்படையாக மாட்டி வையுங்கள். அவசரத்தில் கை தேடும் இடமும் அதுவே.