விடியற்காலைச் செபமா, பத்து மணிச் செபமா?

எங்கள் வீடுகளில் செபம் என்றால் விடியற்காலைதான். மாமி இன்றைக்கும் நாலரைக்கு எழும்பி, முழங்காலில் நின்று செபமாலையை முடித்த பிறகுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பா. மூட்டுவாதம் வந்தபின் எனக்கு அது முடியவில்லை. இதே நிலையில் சிலர் செபத்தையே விட்டுவிடுவதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. அதனால்தான் தனிமையில் செபிக்க நமக்கு இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

விடியற்காலைக்கு இருக்கிற அமைதி கொழும்பில் வேறு எந்த நேரத்துக்கும் கிடையாது. வெள்ளவத்தையில் பொழுது புலர்ந்துவிட்டால் கரையோர ரயில், காலி வீதி பஸ் ஹோர்ன், பாண் ஆட்டோவின் பாட்டு என்று ஒன்றுமாறி ஒன்று. ஆனால் ருமட்டோயிட் மூட்டுவாதக்காரருக்கு விறைப்பு மிக மோசமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். பலருக்கு எழும்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் விடாது. விவிலியத்தின் மெல்லிய தாள்கள் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். பிரிக்க நகத்தைக் கொடுத்தால் வலி மணிக்கட்டுவரை ஏறும். வாய் செபம் சொல்லும், மனம் மூட்டிலேயே நிற்கும்.

பத்து மணிக்கு அப்படியில்லை. மாத்திரை வேலைசெய்து விரல் கொஞ்சம் இளகியிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், உலை வைக்க இன்னும் நேரம் இருக்கும். மடியில் ஒரு தலையணை, அதன்மேல் விவிலியம், பக்கம் புரளாமல் உடுப்புக் கொடிக் கிளிப் இரண்டு. வெளியே சத்தம்தான். இருந்தாலும் சத்தமா வலியா என்று கேட்டால், நான் சத்தத்தை எடுப்பேன். ரயில் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அடுத்த கேள்வி, ஒரே இருப்பா, துண்டு துண்டாகவா? "துண்டு துண்டாச் செபிக்கிறது என்ன செபம், பிள்ளை?" என்று மாமி கேட்கிறா. அவ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனம் அடங்கத் தொடங்கும்போதே செபம் முடிந்துவிடுகிறது, அது உண்மையான இழப்புத்தான். ஆனால் விவிலியத்தில் வரும் இறைவாக்கினர் தானியேல் நாளுக்கு மூன்று தடவை செபித்தவர். குருக்களும் கன்னியரும் சொல்லும் திருப்புகழ்மாலையே பகலையும் இரவையும் பல வேளைகளாகப் பிரித்தது. செபமாலையும், 'அருள் நிறைந்த மரியே' செபத்தைப் பத்துத் தடவை சொல்லும் ஐந்து பத்துக்களாகவே இருக்கிறது. அதனால் நான் மருந்து வேளைகளோடு ஒவ்வொரு பத்தாகச் சேர்த்து, பத்து மணி வேளையை மட்டும் நீட்டி வைத்திருக்கிறேன். அதில் வாசிப்புக் கொஞ்சம், பிறகு ஒன்றும் சொல்லாமல் இருப்பது. இடுப்பு இறுகினால் கட்டிலில் சாய்ந்துகொள்வேன். விவிலியத்தில் எசேக்கியா அரசர் நோயில் கிடந்தபடியே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பித்தான் மன்றாடினார், அந்த மன்றாட்டும் கேட்கப்பட்டது.

புத்தகம் பிடிக்கவே முடியாத நாளில் போனில் விவிலிய ஒலிப்பதிவு நல்ல துணை. ஆனால் குரல் நமக்காக நிற்காது, ஒரு வசனம் மனதைத் தொட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். முன்கூட்டியே டவுன்லோட் செய்து, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ஒரே ஒரு திருப்பாடலை இரண்டு தரம் கேட்பது நல்லது.

கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் செவ்வாய்க்கிழமை வழிபாட்டை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. அது தனிமையே இல்லை. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுவெடிப்பில் அத்தனை உயிர்கள் போன இடத்தில், எல்லா மதத்தவரும் மெழுகுதிரியோடு நிற்கும்போது, நம்மால் செபிக்க முடியாததையும் மற்றவர்கள் சேர்த்துச் செபிக்கிறார்கள் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் புறக்கோட்டை நெரிசலில் ஆட்டோவில் போய், வரிசையில் நின்று திரும்பினால் மறுநாள் எழும்ப முடியாது. போக முடிகிற மாதத்தில் ஒருமுறை போதும்.

ஞாயிறு பூசைக்குப் போக முடியாததைப் பாவமென்று நினைத்து மருகுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: நோய் தகுந்த காரணம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படி பங்கில் கேட்கலாம். நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்கும் நோன்பு, தண்ணீரும் மருந்தும் எடுப்பதால் முறியாது. 1983 திருச்சபைச் சட்டத்தின்படி வயோதிபர், நோயாளர், அவர்களைப் பராமரிப்பவர் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேர நோன்பும் கட்டாயமில்லை. ஃபாதரிடம் "பத்து மணிக்குப் பிறகு வாங்கோ" என்று தயங்காமல் சொல்லுங்கள். காலையில் கதவுப் பூட்டைத் திறக்கவும் கை வராது என்பதை நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.