18 ஆண்டுகளாக என் இடுப்புப் பட்டையில் தொங்கும் ஒரு பழைய ஃபிரண்ட்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 18 ஆண்டுகளாகப் பாறை ஏறி வருகிறேன். பாறைப் பிளவில் செருகினால் விரிந்து இறுகி, நாம் விழும்போது கயிற்றைத் தாங்கும் கருவி கேம்; அதில் விரிந்து சுருங்கும் வளைந்த உலோகத் துண்டுகளுக்கும் அதே பெயர்தான். என்னிடம் இருக்கும் கேம் கருவிகளில் இரண்டைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒன்று, மூத்த ஏறுநர் ஒருவர் ஏறுவதை நிறுத்தியபோது அவரிடம் வாங்கிய, வளையாத அலுமினியத் தண்டு கொண்ட 2ஆம் எண் ஃபிரண்ட். மற்றொன்று, கடையில் புதிதாக வாங்கிய 1ஆம் எண் கேமலாட்.

பிளவு கீழ்நோக்கிக் குறுகினால், நட் எனப்படும் ஆப்பு வடிவ உலோகக் கட்டி ஒன்றை அதில் இறக்கி இழுத்தாலே அது இறுகிக்கொள்ளும். ஆனால் யோசெமிட்டியின் கருங்கல் பிளவுகள் பல மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலத்தில் ஓடுபவை. அங்கே நட் வழுகி வெளியே வந்துவிடும். முன்பு ஏறியவர்கள் எஃகு ஆணிகளை அடிப்பதும் பிடுங்குவதுமாக இருந்ததால் பாறை எவ்வளவு சிதைந்தது என்பதை செரினிட்டி கிராக் என்ற வழியின் தொடக்கத்தில் இன்றும் பார்க்கலாம். அங்கே நாம் விரல் நுழைத்து ஏறும் குழிகள் அந்த ஆணிகள் விட்டுச்சென்ற காயங்களே.

சோவியத் ஏறுநர் விட்டாலி அபலகோவ் கேம் வடிவத்தை முன்பே பயன்படுத்தியிருந்தார். அமெரிக்காவின் கிரெக் லோ 1970களில் ஸ்பிரிங் பொருத்திய கேம் ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் ஒரு கையால் பிளவைப் பற்றித் தொங்கிக்கொண்டே மறுகையால் பொருத்தக்கூடிய கருவியாக அதை ஆக்கியவர், விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்த ரே ஜார்டின். தனித்தனியே சுழலும் நான்கு கேம்களை ஓர் அச்சில் கோத்து, ட்ரிகர் என்ற விரல் பிடியை இழுத்தால் அவை சுருங்கவும் விட்டால் விரியவும் செய்தார். காப்புரிமை கிடைக்கும் முன் பிறர் அறியக் கூடாது என்பதால் முதல் மாதிரிகளை அவரும் கூட்டாளிகளும் பைக்குள் மறைத்தே கொண்டு சென்றார்கள். மற்றவர்கள் கூடியிருந்த இடத்தில் கருவியின் பெயரைச் சொல்லாமல் ‘நண்பர்களை’க் கொண்டு வந்தாயா என்று கூட்டாளி ஒருவர் கேட்டதிலிருந்தே ஃபிரண்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1977இல் ஜார்டின் ஃபீனிக்ஸ் என்ற கடினமான வழியை ஏறி முடித்தார். அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் மார்க் வாலன்ஸ் தொடங்கிய வைல்ட் கன்ட்ரி நிறுவனம் ஃபிரண்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

என்னை இன்றுவரை வியக்க வைப்பது அந்தக் கேமின் விளிம்புதான். அது மடக்கைச் சுருள் (logarithmic spiral) என்ற வளைகோட்டின் ஒரு துண்டு. ஆகவே கேம் எவ்வளவு விரிந்தாலும் சுருங்கினாலும் அது பிளவின் சுவரைத் தொடும் கோணம் மாறுவதில்லை. ஃபிரண்டில் அது 13.75 பாகை. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், 100 கிலோ எடை கீழே இழுக்கும்போது ஒவ்வொரு சுவரையும் ஏறத்தாழ 200 கிலோ எடைக்குரிய விசை அழுத்துகிறது. இழுவை கூடக் கூடப் பிடியும் கூடுவது இதனால்தான். தளர்ந்த பாறைத் தகட்டின் பின்னால் கேமை ஒருபோதும் வைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அந்த விசை தகட்டையே பெயர்த்துவிடக்கூடும்.

பழைய ஃபிரண்டின் உண்மையான குறை அதன் தண்டு. கிடைமட்டப் பிளவில் வைத்தால் தண்டு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். விழும்போது அந்த விளிம்பே நெம்புகோலின் தாங்குபுள்ளியாகித் தண்டை வளைக்கும், முறிக்கவும் செய்யும். கேம்களுக்கு அருகே தண்டில் உள்ள துளையில் கயிற்றுத் துண்டைக் கோத்து அதிலேயே காரபீனரை (கயிறு மாட்டும் உலோகக் கொளுவியை) மாட்டுவது அந்தக் காலத்து வழக்கம், நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். 1980களில் வளையும் கம்பிவடத் தண்டுகள் வந்தபின் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த கேமலாட், கேம்களை ஓர் அச்சுக்குப் பதிலாக இரண்டு அச்சுகளில் கோத்தது. இதனால் என் 1ஆம் எண் கேமலாட் சுமார் 30 முதல் 52 மில்லிமீட்டர் வரையுள்ள பிளவுகளில் பிடிக்கும். கை நடுங்கும் நேரத்தில் அளவைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் அது காப்பாற்றிவிடும். எடை சற்றுக் கூடுதல் என்பதைத் தவிர அதில் எனக்குக் குறை தெரியவில்லை. எனினும் ஒருமுறை அவசரத்தில் அதை முழுவதும் சுருக்கி இறுக்கமான பிளவுக்குள் திணித்துவிட்டேன். ட்ரிகரை இழுக்க இடமே மிஞ்சவில்லை. பின்னால் ஏறி வந்த தோழி, நட் எடுக்கும் கொக்கியால் ஒவ்வொரு கேமாக நெம்பி வெளியே எடுக்க 40 நிமிடம் ஆனது. அன்றிலிருந்து பாதிக்குச் சற்று மேல் சுருங்கிய நிலையில் பொருந்தும் அளவையே தேர்ந்தெடுக்கிறேன். கயிற்றின் அசைவால் கருவி பிளவுக்குள் நகர்ந்து போகாமலிருக்க நீண்ட ஸ்லிங் (பட்டை வளையம்) ஒன்றையும் மாட்டுகிறேன்.

பராமரிப்பு எளிது: வெந்நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, அச்சில் மெழுகு மசகு இடுகிறேன். உலோகத்தைவிட நைலான் ஸ்லிங்தான் முதலில் மூப்படைகிறது என்பதால் ஃபிரண்டுக்கு இரண்டு முறை புதிய ஸ்லிங் மாற்றிவிட்டேன். அதன் கேம் பற்கள் முனை மழுங்கிப் பளபளக்கின்றன, ஸ்பிரிங் மட்டும் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. விசை தண்டின் நேர்க்கோட்டிலேயே இறங்கும் செங்குத்தான பிளவுகளில் மட்டும் இப்போது அதை வைக்கிறேன். கிடைமட்டப் பிளவு வந்தால் கை தானாகவே கேமலாட்டுக்குப் போகிறது.