கார்ட்பஸ்ஸா, எக்ஸ்பிரஸ்கார்டா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கப் போனால் முதலில் கூடுதல் போர்ட், சவுண்ட் போன்றவற்றுக்கான கார்டு சொருகும் பக்கவாட்டு ஸ்லாட்டைப் பாருங்கள். அதில் கார்ட்பஸ், எக்ஸ்பிரஸ்கார்டு என்று இரண்டு வகை. வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் டம்மியை உருவிவிட்டு மொபைல் டார்ச் அடியுங்கள். உள்ளே இரண்டு வரிசையாக 68 ஊசிகள் தெரிந்தால் அது பிசி கார்டு என்ற பழைய வகை, பெரும்பாலும் அதன் 32 பிட் வடிவமான கார்ட்பஸ். ஊசியே இல்லையென்றால் எக்ஸ்பிரஸ்கார்டு. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார், நம்பாதீர்கள். 34 மி.மீ. எக்ஸ்பிரஸ்கார்டை 54 மி.மீ. கார்ட்பஸ் வாய்க்குள் திணித்தால் ஊசிதான் வளையும்.

கார்ட்பஸ் ஓடுவது 32 பிட் பிசிஐ வழியில், அதாவது கணினிக்குள் பல சாதனங்கள் பகிரும் தரவுப் பாதையில். உச்ச வேகம் நொடிக்கு 133 எம்பி, அதையும் மற்ற பிசிஐ சாதனங்களோடு பங்கு போட வேண்டும். கூடுதலாக யூஎஸ்பி 2.0 போர்ட் போதுமென்றால் சரி, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

2003-இல் வந்த எக்ஸ்பிரஸ்கார்டுக்கு பிசிஐக்குப் பின் வந்த வேகமான பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒற்றைப் பாதை தனியாக உண்டு. முதல் தலைமுறையில் 250 எம்பி. யூஎஸ்பி 3.0 கார்டு போடலாம், முழு வேகம் வராது. இங்கே இடிப்பது மின்சாரம். ஸ்லாட் தருவது 3.3 வோல்ட், 1.5 வோல்ட் மட்டுமே. யூஎஸ்பிக்கோ 5 வோல்ட் வேண்டும். ஹார்ட் டிஸ்க் சொருகியதும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு காணாமல் போனால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், பவர் போதவில்லை. துணை பவர் ஒயர் வைத்த கார்டாகக் கேட்டு வாங்குங்கள்.

விலை ஒன்றென்றால் எக்ஸ்பிரஸ்கார்டுதான். கையில் பழைய கார்ட்பஸ் சவுண்ட் கார்டு இருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.