விலங்குச் செல் மாதிரி: உள்ளே நேர்த்தி, எல்லையில் குறை

பள்ளி ஆய்வகங்களுக்கென இணையத்தில் விற்கப்படும் விலங்குச் செல் மாதிரி ஒன்றை எங்கள் பதினொன்றாம் வகுப்பிற்காக வாங்கினோம். ஏறத்தாழ 30 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளமும், கழற்றி மாட்டக்கூடிய உள்ளுறுப்புகளும் இதில் அடங்கும். செல்லைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறையான செல் சவ்வை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் தனிப் பலகையையும் சேர்த்தே வாங்கினோம்.

உள்ளுறுப்புகள் நேர்த்தியாகவே உள்ளன. உட்கரு உறையின் துளைகள் தெளிவாகத் தெரிகின்றன. மலிவான மாதிரிகளில் தனித் துண்டாக ஒட்டப்படும், செல்லுக்குள் பரவிய சவ்வு வலையான எண்டோபிளாச வலைப்பின்னல், இதில் அவ்வுறையின் வெளிச்சவ்வோடு சரியாகவே தொடர்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் திறந்தால் உட்சவ்வின் மடிப்புகளையும் காணலாம்.

சிக்கல் சவ்விலிருந்து தொடங்குகிறது. 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள செல்லை 30 செ.மீ. ஆக்கினால் அது 15,000 மடங்கு பெருக்கம். அந்தக் கணக்கில், சுமார் 8 நானோமீட்டர் உள்ள சவ்வின் தடிமன் 0.12 மி.மீ.தான், அதாவது ஒரு தாளின் கனம். இங்கோ அது விரற்கடை அளவுக்குத் தடித்த நெகிழி ஓடாக இருப்பதால், தாவரச் செல்லைப் போல விலங்குச் செல்லுக்கும் செல் சுவர் உண்டு என்றே மாணவர்கள் எண்ணிவிடுகின்றனர். மாதிரிகளில் அளவு பிசகுவது இயல்பே. ஆனால் இப்பிசகு பாடத்தையே மாற்றிவிடுகிறது.

தனிப் பலகையைப் பற்றியும் இதையேதான் சொல்லவேண்டும். நீரை நாடும் தலைகள் வெளிப்புறமும் நீரை விலக்கும் வால்கள் உட்புறமுமாக அமைந்த பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு, இடையிடையே கொலஸ்டிரால், ஊடுருவி நிற்கும் புரதங்கள் என்று எல்லாம் உள்ளன. ஆனால் அனைத்தும் பசையால் ஒட்டப்பட்டவை. 1970இல் ஃபிரை, எடிடின் என்னும் ஆய்வாளர்கள் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் இணைத்தபோது, இரண்டின் சவ்வுப் புரதங்களும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சுமார் 40 நிமிடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சவ்வில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரி என்னும் கருத்துக்கு வலுவூட்டிய அந்த நகர்வை இப்பலகை ஒருபோதும் காட்டாது. மேலும், புரதங்கள் அனைத்தும் வெறும் துளைக் குழாய்களாகவே செய்யப்பட்டுள்ளன. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளிழுக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்பை எங்கே சுட்டிக்காட்டுவது?

சவ்வின் செயலைக் காட்ட, செய்முறைப் பாடத்தில் வரும் ரியோ என்னும் செடியின் இலையே போதுமானது. அதன் ஊதாநிற அடிப்புறத் தோலை உரித்து அடர் உப்புக் கரைசலில் வைத்தால், நிறமுள்ள உள்ளடக்கம் சுருங்கிச் செல் சுவரை விட்டு விலகுவது சில நிமிடங்களில் நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். நீரை வெளியேற விட்டு நிறமியைத் தடுத்து நிற்கும் சவ்வின் தேர்வுத்தன்மையை அங்கே நேரடியாக விளக்கலாம்.

ஆகவே, உள்ளுறுப்புகளைக் கற்பிக்க மட்டும் இதை வாங்கலாம். பலகையைத் தனி விலைக்குத் தருகிறார்கள். அதைத் தவிர்த்து, அந்தத் தொகைக்குக் கண்ணாடி வில்லைகளும் மூடுவில்லைகளும் வாங்கிக்கொள்வது நல்லது.